மாமியார் விட்டுப்போன பாட்டு நோட்டு

அன்புள்ள ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

என் சொந்த ஊர் மார்த்தாண்டம். கணவர், இரண்டு பிள்ளைகளோடு லண்டனில் இருக்கிறேன். கணவர் கொச்சி யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அம்மா எறணாகுளத்தில் பிறந்து, 1954இல் பத்து வயதில் பெற்றோரோடு இஸ்ரேல் போனவர். பேர்ஷெபா பக்கத்தில் நெவாதிம் என்ற மொஷாவில் (கூட்டுறவு விவசாயக் கிராமம்) கடைசிவரை வாழ்ந்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பூப் பண்ணையில் வேலை பார்த்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். என் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒவ்வொரு கோடைக்கும் லண்டன் வந்துவிடுவார். நான் தமிழில் பேசுவேன், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். எங்களுக்குள் மூன்றாவது மொழி தேவைப்பட்டதே இல்லை. நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்கு அவர் சவ்தா (எபிரேயத்தில் பாட்டி).

2025 மார்ச் 20 காலை காலமானார். மறுநாள் அடக்கம். ஏழு நாள் ஷிவாவில் (அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் துக்கம் காக்கும் வாரம்) கணவரும் அவர் கூடப்பிறந்தவர்களும் தாழ்ந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவர்களிடம்தான் ஆறுதல் சொன்னார்கள். நான் சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். 30ஆம் நாள் வருவதற்குள் பெசாஹ் (பஸ்கா) பண்டிகை வந்தது, துக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை போலிருக்கிறது. கடையில் தேங்காயைப் பார்த்தால்கூடக் கண் கலங்குகிறது. மருமகள் இவ்வளவு அழலாமா என்று என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள்.

கணவர் தினமும் ஜெப ஆலயம் போய்க் கதீஷ் (இறந்தவருக்காகச் சொல்லும் ஜெபம்) சொல்கிறார். வீட்டில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீட்டில் பாட்டு ஒலிப்பதும் நின்றுவிட்டது. மகளின் பரத வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. ஐந்து வயது மகன் "சவ்தா எப்போது பெட்டியோடு வருவார்?" என்று கேட்கிறான். பதினொரு வயது மகள் சவ்தாவின் வீடியோவைப் போட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

முதலாண்டு நினைவுக்கு ஒரு சிறுநூல் போட வேண்டும் என்று நாத்தனார் சொல்கிறார். அம்மா மலையாளத்தில் எழுதி வைத்திருந்த பாட்டு நோட்டு ஒன்று இருக்கிறது. கணவர் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை வந்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் தியாகம், பாசம், பொறுமை. ஆனால் எங்கள் கல்யாணத்தை அவர் ஏற்கவில்லை. மூன்று வருஷம் என்னோடு பேசவே இல்லை. அதை எழுதினால் துரோகமா? விட்டுவிட்டால் பொய்யா?

கடைசியாக ஒன்று. எங்கள் வழக்கப்படி அவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்ற ஆசை. செய்யலாமா?

வாசகி, லண்டன்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் அழுகைக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. யூத முறையில் துக்கம் காக்கக் கடமைப்பட்டவர்கள் ஏழு உறவுகள்: தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி, கணவன் அல்லது மனைவி. மருமகள் அதில் இல்லை. பேரப்பிள்ளைகளும் இல்லை. அது சட்டத்தின் கணக்கு. யார் துணியைக் கிழிக்க வேண்டும், யார் தாழ உட்கார வேண்டும், யாருக்குப் பக்கத்து வீட்டார் முதல் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்பதற்காக வகுத்தது. யாருக்கு எவ்வளவு பாசம் என்று அது அளக்கவில்லை. ஆனால் மனத்துக்கு அந்த வித்தியாசம் புரியாது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் உங்களைத் தாண்டிப் போனபோது, உங்கள் இழப்பு சின்னது என்று சொன்னதாகவே அது எடுத்துக்கொண்டது. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் இதை அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று விளக்கினார். மருமகள், முன்னாள் மனைவி, வீட்டில் வேலை பார்த்தவர், நெருங்கிய தோழி எனப் பலருக்கு இது நேர்கிறது. அழ வேண்டிய வாரத்தில் அவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகை பிறகு, சம்பந்தமில்லாத இடத்தில் வருகிறது. உங்களுக்குத் தேங்காய்க் கடையில் வந்தது அதுதான்.

அந்த 30 நாள் விஷயமும் அப்படித்தான். ஷிவா முடிந்த பிறகு, 30 நாள் நிறைவதற்கு முன் பெரிய பண்டிகை வந்தால், பண்டிகை அந்தக் காலத்தை முடித்துவிடும். அவசரப்பட்டு எழுந்தார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், விதியே அது. பெற்றோரை இழந்தவர்களுக்கு மட்டும் 12 மாதம் வரை துக்கம் தொடரும். அதனால்தான் உங்கள் கணவர் பாட்டு கேட்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு அவருக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. மகளைப் பரத வகுப்புக்கு அனுப்புங்கள். அவர் வீட்டில் இருக்கும்போது சலங்கைச் சத்தம் வேண்டாம் என்றால், வீட்டுப் பயிற்சியை அவர் ஜெப ஆலயம் போகும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இதை நீங்களாக ஊகித்துச் செய்யாமல் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பேச்சுத் தொடங்க அதுவே ஒரு வழி.

கதீஷ் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஜெபத்தில் மரணம் என்ற சொல்லே வராது. முழுக்க இறைவனின் புகழ். குறைந்தது பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும். அதாவது, மனம் எப்படி இருந்தாலும் உங்கள் கணவர் தினமும் ஆட்களுக்கு நடுவே போய் நின்று, எழுதிவைத்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டு வருகிறார். சொந்த வார்த்தை வராத மனிதருக்கு இது பெரிய தாங்கல். வீட்டில் பேசாததால் அவர் துக்கப்படவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அங்கே போய்த் துக்கப்பட்டுவிட்டு வருகிறார்.

நான் கவலைப்படுவது அது நிற்கிற நாளைப் பற்றித்தான். பல சபைகளில் கதீஷ் 11 மாதத்தோடு நிற்கும். சில சபைகளில் இன்னும் சில வாரம் போகும். 11 மாதம் என்றால் 2026 பிப்ரவரி முதல் வாரத்தில் முடியும். ஒரு வருஷமாகக் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருந்தது, திடீரென்று இருக்காது. கதீஷ் சொல்லி முடித்த மறுவாரம் இடிந்துபோகிறவர்கள் நிறைய. எந்தத் தேதியில் நிற்கிறது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் விருந்தாளி, பயணம், வீட்டு வேலை எதையும் வைக்காதீர்கள். காலையில் அவர் வழக்கம்போல எழுந்துவிடுவார். அந்த நேரத்தில் கூட நடந்துபோக நீங்கள் இருந்தால் போதும். நேருக்கு நேர் உட்காரவைத்து "மனசில் உள்ளதைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் இப்படிப்பட்டவர்கள் இன்னும் இறுகிப்போவார்கள். நடக்கும்போதோ, வண்டியிலோ, பாத்திரம் கழுவும்போதோ, "அம்மா வெள்ளிக்கிழமை மீனை எத்தனை மணிக்கு அடுப்பில் வைப்பார்?" என்பதுபோல ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள். பதில் ஒரு வரியில் வந்தாலும் சரி.

பிள்ளைகளுக்கு வருகிறேன். ஐந்து வயதில் சாவு திரும்பிவராத ஒன்று என்பது முழுசாகப் பிடிபடாது. அதனால்தான் பெட்டியைக் கேட்கிறான். "தூங்கிவிட்டார்" என்று சொன்னால் இரவில் கண்ணை மூடப் பயப்படுவான். "சாமியிடம் போய்விட்டார்" என்றால் எப்போது திரும்புவார் என்பான். "உடம்பு சரியில்லாமல் போனது" என்று மட்டும் சொன்னால் உங்களுக்குக் காய்ச்சல் வரும்போது நடுங்குவான். இப்படிச் சொல்லுங்கள்: "சவ்தா இறந்துவிட்டார். அவர் உடம்பு முழுசாக நின்றுவிட்டது. இனிமேல் மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. அதனால் அவரால் வர முடியாது. உனக்கும் எனக்கும் வருகிற காய்ச்சல் அப்படிப்பட்டது இல்லை." இதையே பல தடவை கேட்பான். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், மாற்றாதீர்கள். அடுத்த கோடை விடுமுறை தொடங்கும்போது கேள்வி மறுபடி வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

மகள் எழுந்து போவது வெறுப்பில்லை. வீடியோவில் ஆளும் குரலும் சேர்ந்து வருவது அவளுக்குத் தாங்க முடியாத அளவு. அதை அவள் எதிரில் போடாதீர்கள், நிறுத்தவும் சொல்லாதீர்கள். அவள் இல்லாத நேரத்தில் பாருங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பேச்சைவிட வேலை வழியாகத் துக்கத்துக்குள் வருவார்கள். நோட்டின் பக்கங்களைப் படம் எடுக்கிற பொறுப்பை அவளுக்குக் கொடுத்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை மறுபடி கேளுங்கள். பள்ளி ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிப் போடுவதும் நல்லது. பிரிட்டனில் துக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகவே வின்ஸ்டன்ஸ் விஷ் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. தூக்கமும் சாப்பாடும் பள்ளியும் கெட்டால் அங்கே பேசலாம்.

இனி நோட்டு. இதில்தான் அவசரம் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் வேதக் கதைகளுக்கும் மலையாளத்தில் பாட்டுப் பாடினார்கள். ஆண்கள் இருந்த இடத்திலும் பாடினார்கள். பாட்டுகளை நோட்டில் கையால் எழுதிவைத்து, ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதி, அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தவை அவை. இஸ்ரேலில் வளர்ந்த பிள்ளைகள் எபிரேயம் படித்ததால், எழுத்துத் தெரிந்த கை அந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டது. உங்கள் மாமியாரோடு பாடியவர்கள் இன்று 80ஐத் தாண்டியவர்கள். நோட்டு பத்து வருஷம் கழித்தும் இருக்கும். அதற்கு மெட்டுப் போட்டுப் பாடிக் காட்டுகிற குரல் இருக்காது.

உங்கள் அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரிந்திருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை உங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. ஆனால் அவரால் மட்டும் முடியாது. இந்தப் பாட்டுகளில் பழைய மலையாளச் சொல் வரும், நடுவே எபிரேயச் சொல் மலையாள எழுத்தில் வரும், காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துக்கூட்டலும் மாறும். உங்கள் அம்மா ஒரு சொல்லைப் பிழை என்று திருத்தினால், அது பைபிளில் வரும் ஓர் ஆளின் பெயராக இருக்கலாம். அதனால் அவர் வாசிக்க வேண்டும், திருத்தக் கூடாது. புரியாத சொல்லை உள்ளது உள்ளபடி எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடட்டும். அந்தக் கேள்விக்குறிகளை நாத்தனார் நெவாதிமில் உள்ள பெரியவர்களிடம் எடுத்துப் போக வேண்டும். மார்த்தாண்டத்துக் கண்ணும் நெவாதிமின் காதும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு முழுசாகும்.

முதலில் நோட்டைப் படம் எடுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் விழாத இடத்தில் விரியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனைப் பக்கத்துக்கு நேர் மேலே தூக்கிப் பிடியுங்கள், சாய்த்தால் ஓர எழுத்துகள் சிதையும். அட்டை, வெற்றுப் பக்கம், ஓரத்தில் கிறுக்கியது, எண்ணெய்க் கறை எல்லாம் சேரட்டும். கறை உள்ள பக்கம் அடிக்கடி பாடிய பாட்டாக இருக்கலாம். ஸ்கேனரில் வைப்பதானால் மூடியை அழுத்தாதீர்கள், பழைய தையல் விட்டுவிடும். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பழுத்து எழுத்தையும் சேர்த்து உரிக்கும். லேமினேஷன் அதைவிடக் கெடுதல், ஒருமுறை செய்தால் பிரிக்க வழியில்லை. பக்க எண்ணை நோட்டில் எழுதாமல் படத்தின் பெயரில் போடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று நாத்தனாரிடம் இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம்.

பெரியவர்களிடம் பதிவு செய்யும்போது முதலில் பாட்டை முழுசாகப் பாடவிட வேண்டும், நடுவே நிறுத்தக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லலாம். ஃபோனை ஒன்றரை அடி தூரத்தில் ஒரு துணி மேல் வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, ஆரம்பத்திலேயே தேதி, பாடுகிறவர் பெயர், நோட்டின் பக்க எண் மூன்றையும் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம், குரல் களைத்துவிடும். யாரிடம் கற்றீர்கள், எந்த வீட்டுக் கல்யாணத்தில் பாடினீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் பாட்டுக்குச் சமம். எருசலேமிலுள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தின் ஒலிக் காப்பகத்தில் இந்தப் பெண்களின் பாட்டுப் பதிவுகள் ஏற்கெனவே உள்ளன. நெவாதிமிலேயே கொச்சி யூதர் பாரம்பரிய மையம் இருக்கிறது. நோட்டிலுள்ள பாட்டு வேறு யாரிடமாவது உண்டா என்று கேட்கவும், நகல் கொடுத்து வைக்கவும் இரண்டும் பொருத்தமான இடங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. உங்கள் ஃபோனில் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள் இருக்கும். பேரனைத் திட்டியது, மீனுக்குக் குடம்புளி எவ்வளவு என்று சொன்னது, எல்லாம்தான். ஃபோன் மாற்றும்போது இவைதான் முதலில் காணாமல் போகும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தேதியோடு பெயரிட்டுச் சேமியுங்கள். கேட்கிற தைரியம் இப்போது இல்லையென்றால் கேட்க வேண்டாம், சேமித்தால் போதும்.

சிறுநூலுக்கு வந்த கட்டுரைகளைப் பற்றி நீங்கள் பட்ட சங்கடம் சரியானது. தியாகம், பாசம், பொறுமை என்று எழுதினால் அதில் எந்த அம்மாவின் பெயரையும் போட்டுவிடலாம். யார் மேலும் குற்றமில்லை. "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லாரும் குணத்தைத்தான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் அடுப்பில் என்ன இருந்தது? ஷப்பாத் (வார ஓய்வுநாள்) மெழுகுவர்த்தி ஏற்ற எங்கே நிற்பார்? கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவார்? பண்ணையில் சம்பளம் வாங்கிய அன்று முதலில் எதற்குக் காசு ஒதுக்கினார்? பெசாஹுக்கு அரிசி பொறுக்க எந்தத் தட்டு? கொச்சி யூத வீடுகளில் பெசாஹ் சுத்தம் மாதக் கணக்கில் நடக்கும், அரிசியை மணி மணியாகப் பார்ப்பார்கள். அவர் கையும் கண்ணும் அங்கே எப்படி வேலை செய்தன என்று ஒரு பத்தி கிடைத்தால் பொறுமை என்ற சொல்லே தேவைப்படாது.

வாழ்க்கையின் முதல் பத்து வருஷத்தையும் விட்டுவிடாதீர்கள். யானைக்கால் நோய் பற்றிய பயத்தால் கொச்சி யூதர்களின் குடியேற்றத்தை இஸ்ரேல் அதிகாரிகள் தள்ளிப்போட்டார்கள். வீட்டை விற்றுவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. உங்கள் மாமியாரின் பெற்றோர் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை எப்போது விட்டது, தென்னையும் காயலும் பார்த்த கண் நெகேவ் பாலைவனத்தை முதல் தடவை பார்த்தபோது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மூத்தவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

சமையல் குறிப்புப் போடுவதானால் அளவு கேட்காதீர்கள், "ஒரு கை" என்றுதான் பதில் வரும். மல்லித்தூள் டப்பாவைச் சமைக்கும் முன் தராசில் வைத்து எடை குறியுங்கள், சமைத்த பின் மறுபடி வையுங்கள். குறைந்ததுதான் அந்தக் கை. கறிக்குத் தேங்காய்ப்பால் ஏன் என்பதையும் எழுதுங்கள். இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்பது யூத உணவு விதி. தேங்காய்ப்பால் பாலாகக் கணக்கில் வராது. கேரளத்துச் சமையல் அந்த வீடுகளுக்கு அவ்வளவு இயல்பாகப் பொருந்த இதுவும் ஒரு காரணம். மகள்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்தால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இரண்டையும் போடுங்கள்.

அந்த மூன்று வருஷத்தை எழுதுங்கள். இறந்தவரைப் புகழ்வது பற்றி யூதச் சட்டமே ஓர் எல்லை போட்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூல், இருந்த நல்ல குணத்தைச் சற்றுக் கூட்டிச் சொல்லலாம், மட்டுமீறிப் புகழக் கூடாது என்கிறது. ஆகவே உள்ளதைச் சொல்வது அவருடைய மரபுக்கு விரோதம் இல்லை. அவர் பேசாமல் இருந்ததன் காரணத்தையும் எழுத வேண்டும். மரபான யூதச் சட்டத்தில் பிள்ளை யூதரா என்பது தாயைப் பொறுத்தது. மகன் வெளியே கல்யாணம் செய்தால் பேரப்பிள்ளைகள் தன் சமூகத்துக்கு வெளியே போய்விடுவார்கள் என்பது அவருக்கு உண்மையான பயம். ஊரை விட்டு, மொழியை விட்டு, எல்லாவற்றையும் விட்டு அந்தச் சமூகத்துக்காக வந்த குடும்பம் அது. அப்படிப்பட்டவர் பிறகு ஒவ்வொரு கோடைக்கும் உங்கள் வீட்டுக்கு வந்தார் என்பது சாதாரண விஷயம் இல்லை. முதல் பகுதி இல்லாமல் எழுதினால் இரண்டாம் பகுதிக்கு எடையே இருக்காது.

ஒரு பத்தி போதும். எந்த வருஷம், என்ன நடந்தது, அவர் முதலில் பேசிய வார்த்தை என்ன, அப்போது இருவரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மன்னித்தேன், மன்னித்தார் என்ற சொற்கள் வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் கணவருக்கும் நாத்தனாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அனுப்பிவைத்தால் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து புண்படுவார்கள். கணவர் இது வேண்டாம் என்றால் நூலில் போடாதீர்கள், பிள்ளைகளுக்காக எழுதி வையுங்கள். மாமியார் நம்பிச் சொன்ன ரகசியம், சொத்து, கடன் இவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது.

அச்சைப் பற்றி: பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும், 32 பக்கம் தாராளம். எபிரேயம் வலமிருந்து இடம், தமிழும் மலையாளமும் இடமிருந்து வலம். ஒரே வரிசையில் போட்டால் வாசிப்பவர் தடுமாறுவார். எபிரேயப் பகுதியை ஓர் அட்டையிலிருந்தும் மற்ற மொழிகளை எதிர் அட்டையிலிருந்தும் தொடங்கி நடுவில் படங்களை வையுங்கள். இரு மொழியும் ஒரே வரியில் கலந்தால் கணினியில் நிறுத்தற்குறிகளும் எண்களும் இடம் மாறும், பிரதியைத் தாளில் அச்சிட்டுப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள். எழுத்து எல்லாம் ஜனவரி நடுவில் முடிந்தால்தான் நேரத்துக்கு வரும்.

தேதியில் பலர் தவறுகிறார்கள். நினைவு நாள் எபிரேய நாட்காட்டிப்படி வரும், நம் திதி போலத்தான். அவர் இறந்தது அதார் மாதம் 20. அடுத்த அதார் 20, 2026 மார்ச் 9 திங்கட்கிழமை. யூத நாள் மாலையில் தொடங்குவதால், மார்ச் 8 ஞாயிறு சூரியன் மறையும் நேரத்தில் விளக்கேற்ற வேண்டும். லண்டனில் அன்று அது 6 மணிக்குச் சற்று முன்பு. 2027இல் அதிக மாதம் வருவதால் இரண்டு அதார் இருக்கும். செஃபார்தி (ஸ்பெயின் மரபு யூதர்) வழக்கத்தில் இரண்டாவது, அதாவது மார்ச் 29. அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) வழக்கத்தில் முதலாவது, பிப்ரவரி 27. எதுவானாலும் விளக்கு முந்தின மாலையில். குடும்ப வழக்கம் எது என்று நாத்தனாரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள், கணவரும் அவரும் வேறு வேறு நாளில் ஏற்றினால் தேவையில்லாத மனஸ்தாபம் வரும்.

மாலையும் படமும் பற்றிக் கேட்டீர்கள். படத்தைச் சுவரில் மாட்டுவதில் தடையில்லை. ஆனால் உருவத்துக்கு மாலை போட்டு எதிரில் விளக்கும் ஊதுபத்தியும் வைப்பது யூதக் கண்ணுக்கு வழிபாடாகத் தெரியும். உங்கள் மாமியார் அதை விரும்பியிருக்க மாட்டார், கணவரால் வாய்விட்டு மறுக்கவும் முடியாது. நினைவு விளக்கை நீங்களே ஏற்றுங்கள், அதை ஏற்ற ஏழு உறவில் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. 24 மணி நேரம் எரியும் மெழுகு கடைகளில் கிடைக்கும். எண்ணெய் விளக்கும் செல்லும். கொச்சி ஜெப ஆலயங்களில் கண்ணாடிக் கிண்ணங்களில் தேங்காய் எண்ணெய்தான் எரிந்தது, உங்களுக்கும் அது கைவந்த வேலை. கனமான கண்ணாடியில், அடியில் பீங்கான் தட்டு வைத்து, திரைச்சீலைக்கும் அலமாரித் தட்டுக்கும் தள்ளி வையுங்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு வாரம் முன்பே எரித்துப் பாருங்கள். லண்டன் மார்ச்சில் தேங்காய் எண்ணெய் உறையும், திரி நனையாமல் அணைந்துபோகும், கொஞ்சம் சூடாக்கி ஊற்றுங்கள். நாள் முடிந்ததும் ஊதி அணைக்க வேண்டாம், தானாக எரிந்து முடியட்டும்.

மார்ச்சில் நெவாதிம் போக முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கல்லறையில் பூவுக்குப் பதில் சின்னக் கல் வைப்பது வழக்கம், மகன் ஒரு கல்லைப் பொறுக்கித் தன் கையால் வைக்கட்டும். எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குள் மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புறம் மரவேலையோடு நிறுத்தப்பட்டிருக்கிறது. மகளுக்கு அதைக் காட்டுங்கள். சவ்தா பிறந்த ஊர் எப்படிப்பட்டது என்று அவளாகக் கேள்வி கேட்கத் தொடங்குவாள்.

கணவரையும் உங்களையும் கவனித்துக்கொண்டே இருங்கள். அழுகையும் மௌனமும் வந்து வந்து போனால் பயமில்லை. ஒரு வருஷம் கடந்த பிறகும் தினமும் அதே ஏக்கம், வேலையில் கை ஓடாமை, யாரோடும் ஒட்டாமை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு இருந்தால் குடும்ப மருத்துவரிடம் போங்கள். க்ரூஸ் என்ற அமைப்பு துக்க ஆலோசனை தருகிறது, அங்கேயும் கேட்கலாம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று யார் வாயிலிருந்து வந்தாலும் வருஷக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தை இந்த வாரமே உங்கள் அம்மாவுக்கு அனுப்புங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி அனுப்பினால் அவருக்கு வாசிக்கச் சுலபமாக இருக்கும்.